சாத்திர தானம் தழைக்கச் செய்த சாகு சாந்தி பிரசாத் ஜெயின்

வையைக் கரையிலுள்ள பரவையில் நின்று தெற்கே நோக்கினால் நாகமலைத் தொடர் நீண்டு கிடப்பது தெரியும். அத்தொடருக்கு அப்பால் கீழக்குயில்குடிச் சமணர் மலை. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் திருமேனிகள் வட்டெழுத்துக் கல்வெட்டுகளோடு அமைதி தவழ வீற்றிருக்கின்றன. வடகிழக்கே மாங்குளம், அழகர்மலை என மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் எல்லாம் துறவியர் தங்கிய கற்படுக்கைகள் உள்ளன. அப்படுக்கைகளின் அருகே தமிழி எழுத்தில் பொறிக்கப்பெற்ற பெயர்களைப் படிப்போர் ஓர் உண்மையை உணர்வர். மாங்குளத்தில் கணிநந்தன் என்னும் துறவிக்கு அறம் செய்தோருள் பாண்டிய மன்னனின் அலுவலரும் உண்டு. வெள்ளறை நிகமத்தார் எனப்பெற்ற வணிகக் குழுவினரும் உண்டு. அழகர்மலையில் பொன் வணிகர், உப்பு வணிகர், அறுவை வணிகர், கொழு வணிகர் முதலியோர் பெயர்கள் காணப்படுகின்றன. தேடிய பொருளைத் துறவுக்கும் கல்விக்கும் உரிமையாக்குதல் சமண வணிகரின் தொன்றுதொட்ட மரபு என்பதற்கு இக்குன்றுகளே சான்று.

அம்மரபில் இருபதாம் நூற்றாண்டில் வடபுலத்தில் தோன்றி, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் அனைத்துக்கும் பயன்படுமாறு அறம் வளர்த்தவர் சாகு சாந்தி பிரசாத் ஜெயின் அவர்கள். ஆண்டுதோறும் இந்திய எழுத்தாளர் ஒருவருக்கு வழங்கப்பெறும் ஞானபீட விருதை அறியாதார் இலர். அதனை நிறுவியவர் அருக நெறியில் ஒழுகிய ஓர் இல்லறத்தார் என்பதை நம்மவரிலும் பலர் அறியார்.

பிறப்பும் இளமையும்

உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்தில் நஜீபாபாத் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் செல்வாக்கு மிக்க திகம்பர சமணக் குடும்பம் சாகு குடும்பம். அக்குடும்பத்தில் திவான் சந்த், மூர்த்திதேவி இணையருக்கு மகனாகப் பிறந்தவர் சாந்தி பிரசாத். காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் ஆக்ரா பல்கலைக்கழகத்திலும் பயின்று அறிவியலில் பட்டம் பெற்றார். அன்னையார் மூர்த்திதேவி ஊட்டிய சமயப் பற்று அவர் உள்ளத்தில் வேரூன்றியது. பிற்காலத்தில் தம் பெயரை எங்கும் முன்னிறுத்தாது அன்னையின் பெயரையே நூல் வரிசைக்குச் சூட்டினார் என்பதிலிருந்து அப்பற்றின் ஆழத்தை அறியலாம்.

புகழ்பெற்ற தொழிலதிபர் இராமகிருஷ்ண டால்மியாவின் மகள் ரமாதேவியை அவர் மணந்தார். மாமனாரோடு இணைந்து தொழில் துறையில் இறங்கினார். பீகாரில் சோன் ஆற்றங்கரையில் டால்மியா நகர் என்னும் தொழில் நகரம் எழுந்தது. அங்கே ரோத்தாஸ் நிறுவனத்தின் சார்பில் சர்க்கரை, சிமெண்ட், காகிதம் ஆகியவற்றின் ஆலைகள் இயங்கின. பின்னர்த் தொழில்கள் பிரிக்கப்பட்டபோது ரோத்தாஸ் நிறுவனம் சாந்தி பிரசாத் பொறுப்பில் வந்தது. காகிதம் செய்து விற்றவர் அக்காகிதத்தில் எத்தகைய நூல்கள் அச்சேற வேண்டும் என்றும் எண்ணினார். அவ்வெண்ணமே அவரைப் பிற தொழிலதிபரினின்று வேறுபடுத்தியது.

ஞானபீடம் எழுந்த வரலாறு

சமணர் போற்றும் தானங்கள் நான்கு. உணவு, மருந்து, அடைக்கலம் ஆகிய மூன்றும் உடலையும் உயிரையும் காப்பன. நான்காவதாகிய சாத்திர தானம் அறிவைக் காப்பது. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பை என்னும் பெருமாட்டி, பொன்ன கவி இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எடுப்பித்து வழங்கினாள் என்பது வரலாறு. அச்சுப் பொறி இல்லாத காலத்தில் ஓலையில் கையால் எழுதி ஆயிரம் படிகள் ஆக்குதல் எளிய செயல் அன்று. தானசிந்தாமணி என உலகம் அவளைப் போற்றியது.

சாந்தி பிரசாத், ரமாதேவி இணையர் அவ்வறத்தைத் தம் காலத்துக்கேற்பத் தொடர்ந்தனர். சமண நூல்களில் பெரும்பகுதி அப்போது பண்டாரங்களில் பூட்டிக் கிடந்தது. பிராகிருதம், அபப்பிரஞ்சம், வடமொழி, கன்னடம், தமிழ் ஆகிய மொழிகளின் ஏடுகள் செல்லரித்துக் கொண்டிருந்தன. அவற்றைப் படிக்க வல்ல பண்டிதரும் அருகி வந்தனர். ஏடு ஒன்று அழியுமாயின் அது அழிந்தது என்பதைக்கூட அறிய ஆள் இராது என்பதே அன்றைய நிலை. 1943ஆம் ஆண்டின் இறுதியில் காசியில் கூடிய அனைத்திந்தியக் கீழ்த்திசை மாநாட்டை ஒட்டி, இதற்கொரு நிலையான அமைப்பு வேண்டும் என்னும் எண்ணம் உருப்பெற்றது. 1944 பிப்ரவரி 18 அன்று காசியில் பாரதீய ஞானபீடம் நிறுவப்பெற்றது. ரமாதேவி அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

மூர்த்திதேவி நூல் வரிசை தொடங்கியது. ஹீராலால் ஜெயின், ஆ. நே. உபாத்தியே ஆகிய பேரறிஞர்கள் அதன் பொதுப் பதிப்பாசிரியராக விளங்கினர். மூடபித்திரியில் ஓலைச்சுவடியாகப் பன்னூறு ஆண்டுகள் காக்கப்பட்டிருந்த மகாபந்தம் ஏழு தொகுதிகளாக அச்சேறியது. கன்னட நாட்டு ஓலைச்சுவடிகளின் பட்டியலைப் புஜபலி சாத்திரியார் தொகுக்க, அதுவும் வெளிவந்தது. வணிக நோக்கில் பார்த்தால் இந்நூல்களால் வருவாய் இல்லை. பத்துப் பேர் வாங்கினாலும் நூறு ஆண்டு நிலைக்க வேண்டிய நூல்கள் இவை என்னும் தெளிவு அவ்விணையருக்கு இருந்தது.

தமிழ்ச் சமணருக்கு ஆற்றிய தொண்டு

வடநாட்டில் எழுந்த இந்நிறுவனம் தமிழை மறக்கவில்லை என்பது நாம் நன்றியோடு நினைக்கத்தக்கது. தமிழ்ச் சமணர் குடியில் தோன்றி, சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராகவும் கும்பகோணம் அரசுக் கல்லூரி முதல்வராகவும் விளங்கியவர் அ. சக்கரவர்த்தி நயினார் அவர்கள். நீலகேசியை வாமன முனிவரின் சமய திவாகர உரையோடு 1936இல் பதிப்பித்த பெருமகனார். அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து விளக்கிய குந்தகுந்தரின் சமயசாரத்தை ஞானபீடம் 1950இல் வெளியிட்டது. கவிராச பண்டிதர் உரையோடு கூடிய திருக்குறளை அவர் பதிப்பிக்க, ஞானபீடம் அதனைத் தன் தமிழ் நூல் வரிசையில் காசியிலிருந்து கொணர்ந்தது. கங்கைக் கரையில் தமிழெழுத்துப் பொறித்த குறள் நூல் வெளிவந்த செய்தி நம் குலத்துக்குப் பெருமை.

தமிழில் சமண இலக்கியம் பற்றிப் பேராசிரியர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1941இல் ஆராவில் முதற்பதிப்பாக வந்து, பின் கிடைத்தற்கு அரியதாயிற்று. கல்வெட்டறிஞர் கே. வி. இரமேஷ் அவர்களின் திருத்தங்களோடும் குறிப்புகளோடும் 1974இல் ஞானபீடம் அதனை மீண்டும் பதிப்பித்தது. சீவக சிந்தாமணி, வளையாபதி, சூளாமணி, நாலடியார் ஆகியவை எந்நெறியில் தோன்றியவை என்பதைத் தமிழறியாத அறிஞர் உலகம் இந்நூல் வாயிலாகவே பெரிதும் அறிந்தது. பேராசிரியர் மறைந்து பதினான்கு ஆண்டு கழிந்த பின்னும் அவர் உழைப்பு மறையாது காக்கப்பட்டது.

பத்திரிகை உலகில்

1838இல் பம்பாயில் தொடங்கிய டைம்ஸ் ஆப் இந்தியா நாளிதழை நடத்திய பென்னட் கோல்மன் நிறுவனத்தை, ஆங்கிலேயரிடமிருந்து 1946இல் டால்மியா விலைக்கு வாங்கினார். பின்னர் அந்நிறுவனம் சாந்தி பிரசாத் வசமாயிற்று. நவபாரத் டைம்ஸ் இந்தி நாளிதழும் தர்மயுக் வார இதழும் அவர் காலத்தில் ஓங்கி வளர்ந்தன. இந்திக் கவிஞர் தர்மவீர் பாரதி 1960 முதல் தர்மயுக்கின் ஆசிரியராக அமர்ந்து அதனை இலக்கிய ஏடாக உயர்த்தினார். பொருளியலுக்கெனத் தனி நாளிதழ் 1961இல் தொடங்கப்பெற்றது. அந்நிறுவனத்தின் பிலிம்பேர் இதழ் 1954 முதல் திரைக்கலைஞருக்கு ஆண்டுதோறும் விருது வழங்கலாயிற்று. முதலாண்டிலேயே இசையமைப்பாளருக்கும் ஒரு விருது ஒதுக்கப்பட்டது.

செல்வமும் இடர்ப்பாடும் உடன்பிறப்புகள் என்பதற்கு அவர் வாழ்வும் விலக்கன்று. டால்மியா - ஜெயின் நிறுவனங்களின் நிருவாகத்தை ஆராய நடுவண் அரசு 1956இல் நீதிபதி விவியன் போஸ் தலைமையில் ஆணையம் அமைத்தது. அதன் ஆய்வு பல ஆண்டுகள் நீண்டது. அறிக்கை நிருவாக முறைகளைக் கடுமையாகக் குறை கூறியது. கலிங்கா டியூப்ஸ் நிறுவனத்தில் சிறுபான்மைப் பங்குதாரர் ஒடுக்கப்பட்டனர் என அவர் தொடுத்த வழக்கு 1965இல் உச்சநீதிமன்றத்தில் அவருக்கு எதிராக முடிந்தது. நிறுவனச் சட்டம் பயிலும் மாணவர் இன்றும் அத்தீர்ப்பைப் படிக்கின்றனர். 1969இல் பம்பாய் உயர்நீதிமன்ற ஆணைப்படி பென்னட் கோல்மன் நிறுவனத்தின் நிருவாகக் குழு மாற்றியமைக்கப்பட்டது. ஏறத்தாழ ஏழாண்டு கழித்தே அது குடும்பத்தாரிடம் மீண்டது.

இவற்றை மறைத்துரைத்தல் அறமாகாது. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் இல்லறத்தார்க்கு, அதிலும் பெருந்தொழில் நடத்துவோர்க்கு, எத்துணைக் கடினமானது என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. ஆலைகளும் வழக்குகளும் ஆணையங்களும் சூழ்ந்திருந்த அதே ஆண்டுகளில்தான் ஞானபீடப் பணி இடையறாது நடந்தது. நாளிதழ் கைவிட்டுப் போன காலத்திலும் நூல் வெளியீடு நிற்கவில்லை, விருதும் நிற்கவில்லை. பொருள் நிலையாது, கொடுத்தது நிலைக்கும் என்னும் பழைய பாடத்தை அவர் ஏட்டில் மட்டும் படித்தவர் அல்லர்.

விருது பிறந்த கதை

1961 மே 22 அன்று சாந்தி பிரசாத் அவர்களின் ஐம்பதாம் பிறந்தநாள். அதனையொட்டிக் குடும்பத்தாரிடையே ஓர் எண்ணம் எழுந்தது. இந்திய மொழிகள் அனைத்திலும் வெளிவந்த படைப்புகளுள் சிறந்த ஒன்றைத் தேர்ந்து, நாடு முழுதும் மதிக்கும் பரிசு ஒன்றை ஆண்டுதோறும் வழங்க வேண்டும் என்பதே அது. பிறந்தநாளுக்கு விருந்தும் விழாவும் செய்வார் பலர். பிறர் புகழுக்கு வழி வகுப்பார் சிலர்.

அமெரிக்காவில் பத்திரிகையதிபர் ஜோசப் புலிட்சர் தம் இறுதிமுறியில் எழுதி வைத்த நிதியால், அவர் 1911இல் மறைந்த பின்னர், 1917 முதல் பத்திரிகைத் துறைக்கும் இலக்கியம், நாடகம் ஆகியவற்றுக்கும் ஆண்டுப் பரிசு வழங்கப்படுகிறது. 1943 முதல் இசைக்கும் வழங்கப்படுகிறது. ஆயினும் அங்கே பொதுமொழி ஒன்று உண்டு. இந்தியாவில் நிலை வேறு. தமிழ்க் காவியத்தையும் வங்க நாவலையும் உருதுக் கவிதையையும் ஒரே துலாக்கோலில் நிறுப்பது எங்ஙனம்? எல்லா மொழியும் அறிந்த நடுவர் எவரும் இலர். தன் மொழிக்கு இழைக்கப்பட்ட அநீதி எனப் பிணங்குவார் பலர் இருப்பர். நன்மை செய்யப் புகுந்து பகைமை விளையுமோ என்னும் அச்சம் இயல்பானதே.

இவ்விடத்தில் ரமாதேவியின் பொறுமை துணை செய்தது. 1961 நவம்பரில் இலக்கிய வல்லுநர் சிலரை அவர் அழைத்துக் கலந்தாய்ந்தார். காகா காலேல்கர், ஹரிவம்சராய் பச்சன், இராம்தாரி சிங் தினகர், ஜைனேந்திர குமார் முதலியோர் துணையோடு வரைவு ஒன்று உருவாயிற்று. குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் அதில் ஆர்வம் காட்டினார். 1962இல் பல மொழி எழுத்தாளர் ஏறத்தாழ முந்நூற்றுவர் தில்லிக்கு அழைக்கப்பட்டனர். இரண்டு அமர்வுகளுள் ஒன்றை நடத்தியவர் சென்னை வடமொழி அறிஞர் டாக்டர் வே. இராகவன் அவர்கள். தேர்வுக் குழுவுக்கு இராஜேந்திர பிரசாத் தலைமை தாங்குவதாக இருந்தது. 1963 மார்ச் 16 அன்று முதற்கூட்டம். ஆனால் பிப்ரவரி 28 அன்றே அவர் மறைந்தார். பணி நிற்கவில்லை. காலேல்கர் கூட்டத்தை நடத்த, சம்பூர்ணானந்தர் தலைமைப் பொறுப்பேற்றார்.

ஒவ்வொரு மொழிக்கும் தனிக் குழு பரிந்துரைக்க, பன்மொழி அறிஞர் அடங்கிய தேர்வுக் குழு முடிவு செய்யும் முறை வகுக்கப்பட்டது. ஒரு மொழி விருது பெற்றால் அடுத்த இரண்டாண்டு அம்மொழி போட்டியில் இடம்பெறாது. பொருள் கொடுத்தவர் சமணர். எனினும் சமண நூலுக்கு முன்னுரிமை என்னும் விதி எங்கும் இல்லை. விருதுக்குத் தம் பெயரையும் அவர் சூட்டவில்லை. ஒரு பொருளைப் பல நோக்கில் காணும் அநேகாந்தம் ஏட்டளவில் நில்லாது ஓர் அமைப்பின் விதியாகவே அமைந்தது எனலாம்.

முதல் விருதுக்கு 1921 முதல் 1951 வரை வெளிவந்த படைப்புகள் ஆராயப்பட்டன. வங்கத்தின் காஜி நஸ்ருல் இஸ்லாம், கன்னடத்தின் டி. வி. குண்டப்பா, தெலுங்கின் விசுவநாத சத்தியநாராயணா, மலையாளத்தின் ஜி. சங்கர குருப்பு ஆகிய நால்வர் இறுதிச் சுற்றில் நின்றனர். குருப்பின் ஓடக்குழல் என்னும் கவிதைத் தொகுதி 1965ஆம் ஆண்டுக்குரிய முதல் விருதைப் பெற்றது. 1966 நவம்பர் 19 அன்று தில்லி விஞ்ஞான பவனில் விழா நடந்தது. பரிசுத் தொகை ஒரு லட்சம் ரூபாய். சாகித்திய அகாதெமி அப்போது வழங்கி வந்தது ஐயாயிரம் ரூபாய் என்பதை ஒப்பிட்டால் இதன் பெருமை விளங்கும். குருப்பு அத்தொகையைக் கொண்டு ஓர் அறக்கட்டளை நிறுவி, மலையாள எழுத்தாளருக்கு ஓடக்குழல் விருது வழங்க வழி செய்தார். ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கு ஏற்றப்பட்டது.

விருதோடு கலைமகள் வெண்கலச் சிலை ஒன்றும் வழங்கப்படுகிறது. தாரா நகரைச் சார்ந்ததாய் இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ள பதினொன்றாம் நூற்றாண்டுத் திருமேனியே அதற்கு மாதிரி. சிலையின் பின்னே மதுராவின் கங்காளி மேட்டுத் தோரணத்தை ஒத்த ஒளிவட்டமும், நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மும்மணிகளின் குறியும் சேர்க்கப்பட்டன. அம்மூலத் திருமேனியின் பீடத்துக் கல்வெட்டை ஆராய்ந்த அறிஞர்கள், அது நேமிநாதரின் இயக்கியாகிய அம்பிகையின் உருவம் என்று விளக்கியுள்ளனர். நம் கோயில்களில் தருமதேவியாக நாம் வழிபடும் அன்னையின் சாயலை இந்தியப் பேரெழுத்தாளர்கள் கையில் ஏந்துகின்றனர் என எண்ணும்போது உள்ளம் நிறைகிறது.

இறுதி ஆண்டுகள்

மகாவீரர் வீடுபேறெய்திய 2500ஆம் ஆண்டு விழா 1974, 1975ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் கொண்டாடப்பெற்றபோது முன்னின்று உழைத்தவருள் சாந்தி பிரசாத் ஒருவர். அதனையொட்டி அ. கோஷ் அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சமணக் கலையும் கட்டடமும் பற்றிய மூன்று பெருந்தொகுதிகளை ஞானபீடம் வெளியிட்டது. தமிழகத்துக் குகைப் பள்ளிகளும் பாறைச் சிற்பங்களும் அவற்றில் இடம்பெற்றன.

அவ்விழாக் காலத்திலேயே பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. 1975இல் ரமாதேவி மறைந்தார். முப்பதாண்டுக்கு மேலாக ஞானபீடத்தின் உயிராக விளங்கியவர் அவர். அவர் வகித்த பொறுப்பைச் சாந்தி பிரசாத் தாமே ஏற்றார். அவர் மறைந்த அதே 1975ஆம் ஆண்டுக்குரிய விருதுதான் தமிழுக்கு முதன்முறையாகக் கிடைத்தது. ஓவியன் ஒருவனின் வாழ்வை நடுவாகக் கொண்டு, கலைக்கும் பொருளாசைக்கும் இடையே நிகழும் போராட்டத்தைச் சித்திரித்த அகிலனின் சித்திரப்பாவை அச்சிறப்பைப் பெற்றது. பொருளின் இயல்பை நன்கறிந்த ஒருவர் நிறுவிய விருதை அத்தகைய நாவல் பெற்றது பொருத்தமே. அடுத்த ஆண்டு வங்க எழுத்தாளர் ஆஷாபூர்ணா தேவி விருது பெற்ற முதற்பெண்மணி ஆனார்.

1977இல் சாந்தி பிரசாத் மறைந்தார். அவ்வாண்டுக்குரிய விருது கன்னடத்தின் சிவராம காரந்துக்கு உரியதாயிற்று. நாவலோடு யட்சகானம் என்னும் ஆடல், பாடல், நாடகம் இணைந்த கலைக்கும் வாழ்நாளெல்லாம் உழைத்தவர் அவர். பின்னர்த் தமையனார் சாகு சிரேயான்ஸ் பிரசாத் ஜெயின் ஞானபீடப் பொறுப்பை ஏற்க, அறம் தொடர்ந்தது. அன்னை மூர்த்திதேவியின் பெயரால் 1983இல் மற்றொரு விருதும் தொடங்கப்பெற்றது. 2002ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருது ஜெயகாந்தன் வாயிலாகத் தமிழுக்கு மீண்டும் வந்தது. கஜுராஹோவில் சமணச் சிற்பங்களைக் காக்கும் அருங்காட்சியகம் சாந்தி பிரசாத் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நமக்குரிய பாடம்

ஐந்தாம் நூற்றாண்டில் வச்சிரநந்தி மதுரையில் திராவிட சங்கம் நிறுவினார் எனத் தர்சனசாரம் என்னும் பிராகிருத நூல் கூறுகிறது. புலவரைப் பேணிய மதுரைக்கும் அறிவைப் பேணிய அருக நெறிக்கும் உள்ள உறவு அத்துணைப் பழைமையானது. சீவக சிந்தாமணியை உ. வே. சாமிநாதையர் 1887இல் அச்சேற்ற முயன்றபோது, கும்பகோணத்துச் சமணப் பெருமக்கள் ஏடும் விளக்கமும் தந்து துணை நின்றமையும் அவ்வுறவின் தொடர்ச்சியே.

சாந்தி பிரசாத் அவர்களைப் போல் ஆலைகள் உடையோர் நம்முள் சிலரே. ஆயினும் பாட்டனார் படித்த ஏடோ, பழம்பதிப்போ, கையெழுத்துத் தோத்திரச் சுவடியோ நம் இல்லங்கள் பலவற்றில் பரணில் இருக்கக்கூடும். அதனை எடுத்துத் தூசி தட்டி, படிக்க வல்லார் கையில் சேர்ப்பதும் சாத்திர தானமே. மாங்குளத்தில் கற்படுக்கை வெட்டிக் கொடுத்த வணிகர்தம் ஆலைகளும் கடைகளும் எங்கிருந்தன என்று இன்று எவருக்கும் தெரியாது. அவர்கள் கொடுத்த கல் மட்டும் இருக்கிறது. நஜீபாபாத்து வணிகர் கொடுத்ததும் அத்தகையதே.